வளவுக்குள் வரும் அயலவர்கள்

வன்னிப் பெருநிலப்பரப்பில் வீடு என்பது நான்கு சுவர்களுடன் முடிந்துவிடுவதில்லை. வீட்டைச் சூழ்ந்த வளவு, உயிர்வேலி, கிணற்றடி, கோடிப்புறத்து வாழைகள், கோழிக்கூடு, மாட்டுக்கொட்டில் ஆகிய யாவும் சேர்ந்ததே அங்கு வீடாகக் கொள்ளப்படுகின்றது. அந்த வளவுக்குள் நாளாந்தம் வந்து போகும் உயிர்கள் பல. விடியலில் கத்தும் குருவி, நண்பகலில் முருங்கையில் தாவும் அணில், மாலையில் வேலியோரமாக நழுவும் கீரி, இரவில் கூரைமேல் அமரும் ஆந்தை என அவற்றின் பட்டியல் நீளும். இவற்றை நாம் பெரும்பாலும் கவனிப்பதில்லை. கவனித்தாலும் அழகென்றோ தொல்லையென்றோ கூறிக் கடந்துவிடுகின்றோம். ஆனால், வளவுக்குள் வரும் ஒவ்வோர் உயிரும் ஏதோவொரு காரணத்துடனேயே வருகின்றது. அக்காரணத்தை அறிந்து வைத்திருப்பது வன்னி போன்ற ஒரு பிரதேசத்தில் வெறும் பொழுதுபோக்கு அன்று. அது உயிரைக் காக்கும் அறிவாகும்.

முல்லைத்தீவு மாவட்டத்தின் புதுக்குடியிருப்புப் பிரதேச செயலாளர் பிரிவில், பரந்தன் - முல்லைத்தீவு வீதியில், விசுவமடுவுக்கும் புதுக்குடியிருப்புக்கும் இடையே அமைந்துள்ள கிராமம் உடையார்கட்டு. குளமும் அதன் கீழான வயலும், அவற்றுக்கு அப்பால் பாலையும் வீரையும் முதிரையும் நிறைந்த காடும் கொண்ட நிலம் அது. இத்தகைய ஊர்களில் காடு எங்கே முடிகின்றது, வளவு எங்கே தொடங்குகின்றது என்று கோடு கீறிக் காட்டுவது கடினம். ஒக்டோபர் தொடக்கம் ஜனவரி வரையிலான மாரியில் நீரும், மே தொடக்கம் செப்டெம்பர் வரையிலான கோடையில் வரட்சியும் உயிர்களை இடம்பெயரச் செய்கின்றன. கோடையில் குளம் வற்றும்போது கிணற்றடி ஈரத்தை நாடி அவை வருகின்றன. மாரியில் வயலும் பள்ளமும் நீரில் மூழ்கும்போது மேட்டு நிலமான வீட்டு வளவை நாடி வருகின்றன. எனவே வளவென்பது மனிதருக்கும் ஏனைய உயிர்களுக்கும் பொதுவான ஒரு வாசற்படி என்பதே பொருந்தும்.

அறுந்துபோன அறிவுத் தொடர்ச்சி

இந்த வாசற்படியைப் பற்றிய அறிவு முன்னர் வீடுகளில் இயல்பாகவே கைமாறி வந்தது. எந்தப் பறவை கத்தினால் என்ன பொருள், எந்தப் பாம்பை விட்டுவிடலாம், எதைக் கண்டு விலக வேண்டும், விறகை எங்கே அடுக்க வேண்டும் என்பனவற்றைப் பேரன் பேத்திகள் அப்பு, ஆச்சியிடமிருந்து கற்றனர். போர் அந்தத் தொடர்ச்சியை அறுத்தது.

2009 ஜனவரியில் அரசாங்கம் அறிவித்த முதலாவது பாதுகாப்பு வலயத்துள் உடையார்கட்டும் அடங்கியிருந்தது. கிளிநொச்சிப் பக்கமிருந்து இடம்பெயர்ந்து வந்த பெருந்தொகையான மக்கள் அங்கே திரண்டனர். அந்த வலயத்துள்ளும் எறிகணைகள் வீழ்ந்தன. மக்கள் மேலும் கிழக்கே சென்றனர். போர் முடிந்தபின் வவுனியாவின் முகாம்களில் அவர்கள் தங்கவைக்கப்பட்டனர். அவற்றுள் பெரியதான மெனிக் பாம் முகாம் 2012 செப்டெம்பரிலேயே மூடப்பட்டது. அந்த இடைவெளியில் வன்னியின் வளவுகள் மனிதரின்றிக் கிடந்தன. முற்றங்களில் பற்றை வளர்ந்தது. இடிந்த சுவர்களிலும் பதுங்கு குழிகளிலும் பாம்பும் எலியும் குடியேறின. தலையிழந்த பனைகளின் பொந்துகளில் கிளிகள் குஞ்சு பொரித்தன.

இதே மாவட்டத்தின் முஸ்லிம் மக்களுக்கு இந்த இடைவெளி இன்னும் நீண்டதாயிருந்தது. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட அம்மக்களுள் நீராவிப்பிட்டி, தண்ணீரூற்று போன்ற ஊர்களைச் சேர்ந்தோரும் அடங்குவர். இருபது ஆண்டுகளுக்குப் பின்னர் திரும்பி வந்தபோது, தாம் விட்டுச் சென்ற வளவு எதுவென்று கிணற்றையும் பழைய மரத்தையும் கொண்டே பலர் அடையாளம் காணவேண்டியிருந்தது. புத்தளத்தின் முகாம்களில் பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கும் வவுனியா முகாம்களில் வளர்ந்த பிள்ளைகளுக்கும் இந்த வளவு புதியது. அதில் வாழும் உயிர்களோ அவர்களுக்கு முற்றிலும் புதியவை. காணி மீண்டும் கைக்கு வந்தது. ஆனால் காணியைப் பற்றிய அறிவு தானாகத் திரும்பி வருவதில்லை. அதனை மீண்டும் தேடிப் பெறவேண்டியுள்ளது.

செய்தி சொல்லும் பறவைகள்

அந்த அறிவின் முதற்பாடம் பறவைகளிடமிருந்து தொடங்குகின்றது. ஆறேழு பேராகச் சேர்ந்து நிலத்தில் சருகைக் கிளறித் திரியும் புலுனிகளை வன்னியில் அறியாதார் இல்லை. கூட்டத்தில் சில இரைதேடும்போது ஒன்று உயர்ந்த கொப்பில் காவலிருக்கும். பாம்பையோ பருந்தையோ கண்டால் கூட்டம் முழுவதும் ஒரே இடத்தைச் சுற்றி ஓயாமற் கத்தும். அணிலும் அவ்வாறே வாலை உதறி விடாது ஒலியெழுப்பும். வேலியோரத்தில் இந்தக் கூச்சல் கேட்குமிடத்து, அங்கே ஏதோ ஊர்கின்றது என்பது பொருள். பிள்ளைகளை அப்பக்கம் விடாது தடுப்பதற்கு இதைவிட நம்பகமான எச்சரிக்கை வேறில்லை.

ஆட்காட்டிக் குருவியின் பெயரே அதன் தொழிலைச் சொல்கின்றது. வெட்டவெளி நிலத்தில், கூடு என்று சொல்லத்தக்க எதுவுமின்றி, கற்களோடு கல்லாகத் தோன்றும் முட்டைகளை இட்டு அடைகாக்கும் பறவை அது. அந்நியர் எவர் நெருங்கினாலும் இரவென்றும் பகலென்றும் பாராது அது குரலெழுப்புவது தன் முட்டைகளைக் காப்பதற்காகவே. அதன் பயனை வீட்டாரும் அடைகின்றனர்.

செண்பகம் தாழ்வாகப் பறந்து பற்றைக்குள் நுழைந்து நத்தை, ஓணான், சிறு பாம்புகளைப் பிடித்துண்கின்றது. தையற்சிட்டு அகன்ற இலைகளை நாரினால் தைத்துக் கூடமைக்கின்றது. மாடு மேயும்போது உடன் நடக்கும் உண்ணிக்கொக்கு, மாட்டின் காலடியிற் கலைந்தெழும் பூச்சிகளைக் கொத்துகின்றது. குயிலோ கூடு கட்டுவதில்லை. காகத்தின் கூட்டில் முட்டையிட்டு, காகத்தைக் கொண்டே தன் குஞ்சை வளர்த்துக்கொள்கின்றது. சித்திரைப் புத்தாண்டை ஒட்டிக் குயிலின் குரல் வலுப்பதும் இந்த இனப்பெருக்க காலத்தின் அறிகுறியே.

இவற்றுள் வியப்புக்குரியது ஆறுமணிக் குருவி. காலையும் மாலையும் ஆறு மணியளவில் கூவுவதால் இப்பெயர் பெற்ற இச்சிறு பறவை, இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியாவிலும் இனப்பெருக்கம் செய்து, ஒக்டோபர் மாதமளவில் இலங்கைக்கு வருகின்றது. நெடுந்தூரம் இரவில் பறந்து களைத்த நிலையில் சில வேளைகளில் அது வீட்டு விறாந்தையிலேயே வந்து வீழ்வதுண்டு. பச்சையும் நீலமும் செம்மையும் கலந்த அதன் நிறங்களைக் கண்டு, கூட்டிலடைத்து வளர்க்க எண்ணுவது தவறு. நிழலான, அமைதியான ஓரிடத்தில் பூனைக்கு எட்டாதவாறு சில மணிநேரம் விட்டுவைத்தால் பெரும்பாலும் அது தானாகவே தேறிப் பறந்துவிடும். பின்னர் பங்குனி, சித்திரை வரை அதே வளவின் சருகுக்குள் புழு தேடித் திரியும். எல்லைகளையும் கடலையும் கடந்துவரும் இவ்விருந்தாளிக்கு வேண்டியதெல்லாம் எரிக்கப்படாத கொஞ்சச் சருகும் ஒரு நிழல் மரமுமே.

எலியைத் தொடர்ந்து வரும் பாம்பு

வளவுக்குள் நிகழும் சந்திப்புகளில் உயிராபத்து மிக்கது பாம்புடனான சந்திப்பு. 2016ஆம் ஆண்டில் வெளியான தேசிய அளவிலான ஆய்வொன்று, இலங்கையில் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 80,000 பேர் பாம்புக்கடிக்கு உள்ளாகின்றனர் எனவும், அவர்களுள் 30,000 பேர் வரையில் விஷமேறியவர்கள் எனவும், ஏறத்தாழ 400 பேர் இறக்கின்றனர் எனவும் மதிப்பிட்டது. உலக சுகாதார ஸ்தாபனம் 2017இல் பாம்புக்கடியைப் புறக்கணிக்கப்பட்ட அயனமண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்தது. இறப்போரில் பெரும்பாலோர் விவசாயிகளும் கிராமத்து ஏழைகளுமே என்பதால்தான் இப்பிரச்சினை நெடுங்காலம் புறக்கணிக்கப்பட்டது.

பாம்பு நம்மைத் தேடி வருவதில்லை. அது எலியைத் தேடி வருகின்றது. தவளையைத் தேடி வருகின்றது. சில வேளைகளில் வேறொரு பாம்பைத் தேடி வருகின்றது. எலியோ நெல்லையும் கோழித்தீனையும் எஞ்சிய சோற்றையும் தேடி வருகின்றது. ஆகவே, அறைக்குள் நெல் மூட்டை அடுக்கப்பட்டிருக்கும் வீட்டில் எலி வருவதும், எலி உள்ள வீட்டுக்குப் பாம்பு வருவதும் ஒரே சங்கிலியின் கண்ணிகளாகும். பாம்பை அடித்துக் கொல்வதால் இச்சங்கிலி அறுபடாது. எலி எஞ்சியிருக்கும்வரை அடுத்த பாம்பு வந்தே தீரும்.

அடிபட்டு இறக்கும் பாம்புகளுள் பல விஷமற்றவை என்பது இன்னொரு துயரம். நீண்டு, விரைந்து ஓடும் சாரைப்பாம்பு நாகபாம்பென எண்ணப்பட்டு அடிக்கப்படுகின்றது. சாரை விஷமற்றது, எலியை உண்பதில் வல்லது. அதனைக் கொல்பவர் தமது களஞ்சியத்தின் காவலாளியையே கொல்கின்றார். இரவில் எலி பிடிக்கும் கூகையையும் ஆந்தையையும் அபசகுனம் என்று கல்லெறிந்து விரட்டுவதும் இத்தகையதே. எலிக்கு வைக்கும் நஞ்சு எலியுடன் நிற்பதில்லை. நஞ்சுண்ட எலியைத் தின்னும் ஆந்தையும் பூனையும் மடிகின்றன. வேட்டையாடும் உயிர்கள் குறைய, எலி மீண்டும் பெருகுகின்றது.

விஷப்பாம்புகளுள் வன்னி மக்கள் சிறப்பாக அறியவேண்டியவை மூன்று. புடையன் வயலிலும் வைக்கோலிலும் பற்றையிலும் கிடப்பது. அறுவடைக் காலத்தில் காலிற் கடிப்பது. நாகபாம்பு புற்றிலும் எலிவளையிலும் தங்குவது, படமெடுத்து எச்சரிப்பது. மூன்றாவதான கட்டுவிரியனே மிகவும் ஏமாற்றக்கூடியது. இரவிலே இரைதேடும் இப்பாம்பு, நிலத்தில் பாய் விரித்துத் துயில்வோரைக் கடிக்கின்றது. கடித்த இடத்தில் வீக்கமோ பெரிய வலியோ இராது. கடிபட்டதையே அறியாது சிலர் உறங்கிவிடுவர். விடியுமுன் வயிற்றுவலியும், கண்ணிமை தாழ்தலும், பேச்சுத் தடுமாற்றமும் தோன்றிய பின்னரே விளங்கும். காரணமின்றி நள்ளிரவில் வயிறு வலிக்கின்றதென்று ஒரு பிள்ளை எழுந்தால், நிலத்திற் படுத்துறங்கிய பிள்ளை எனின், அதனைச் சாதாரண வயிற்றுவலி என விட்டுவிடலாகாது.

தற்காப்பு எளிது. கட்டிலில் உறங்குவது, இயலாதெனில் நுளம்பு வலையைப் பாயின் கீழ் நன்கு செருகி உறங்குவது, இரவில் வெளியே செல்லும்போது மின்சூளும் செருப்பும் பயன்படுத்துவது, விறகையும் ஓட்டையும் கல்லையும் வீட்டுச் சுவரோடு அடுக்காது தள்ளி அடுக்குவது, கோழிக்கூட்டைப் படுக்கையறைக்கு அப்பால் அமைப்பது, நெல்லை மூடியுள்ள கொள்கலனில் வைப்பது ஆகியன போதும். கடிபட்டால் வெட்டுவதும், உறிஞ்சுவதும், கயிற்றால் இறுகக் கட்டுவதும் தீங்கானவை. மோதிரம், காப்பு முதலியவற்றைக் கழற்றி, கடிபட்ட உறுப்பை அசையாதவாறு வைத்து, விஷமுறிவு மருந்து உள்ள வைத்தியசாலைக்கு உடனே கொண்டு செல்வதே ஏற்ற வழி. பாம்பைத் தேடிப் பிடிப்பதில் செலவாகும் ஒவ்வொரு நிமிடமும் நோயாளியின் உயிரிலிருந்து கழிகின்றது.

குரங்கும் மயிலும்

பாம்பு அச்சத்துக்குரியதெனில், குரங்கும் மயிலும் இன்று பயிர்செய்வோரின் கோபத்துக்குரியவை. மாங்காயும் இளநீரும் நிலக்கடலையும் வீட்டுத் தோட்டத்து மரக்கறியும் அழிவது உண்மை. அரை ஏக்கர் வளவை நம்பி வாழும், குடும்பத் தலைவியரைக் கொண்ட வீடுகள் பலவுள்ள ஒரு மாவட்டத்தில் இந்த இழப்பைச் சிறிதென்று யாரும் கூறமுடியாது.

2025 மார்ச் 15ஆம் திகதி காலை 8 மணி முதல் 8.05 வரை, நாடளாவிய ரீதியில் மக்கள் தத்தம் வளவில் நின்று குரங்கு, மயில், மலை அணில் ஆகியவற்றை எண்ணுமாறு விவசாய அமைச்சு கேட்டுக்கொண்டது. பின்னர் வெளியான முடிவுகளின்படி 50 இலட்சத்துக்கு மேற்பட்ட செங்குரங்குகளும் 40 இலட்சத்துக்கு மேற்பட்ட மயில்களும் கணக்கிடப்பட்டன. இவ்வெண்ணிக்கையின் துல்லியத்தைச் சூழலியலாளர் பலர் கேள்விக்கு உட்படுத்தினர். ஒரு குரங்குக் கூட்டத்தை ஐந்து நிமிடத்தில் மூன்று வளவுக்காரர் காணக்கூடும் என்பதை நினைத்தால் அக்கேள்வியின் நியாயம் விளங்கும். ஆயினும், ஒரு நாட்டு மக்கள் ஒரே வேளையில் தமது வளவை உற்றுநோக்கிய நிகழ்வு என்ற வகையில் அது நினைவுகூரத்தக்கது.

செங்குரங்கு இலங்கைக்கு மட்டுமே உரிய இனம். இயற்கைப் பாதுகாப்புக்கான சர்வதேச ஒன்றியத்தின் பட்டியலில் அது அழியும் ஆபத்தை எதிர்நோக்கும் இனமாகவே உள்ளது. 2023இல் ஒரு இலட்சம் குரங்குகளைச் சீனாவுக்கு அனுப்பும் யோசனை எழுந்து, சூழல் அமைப்புகள் நீதிமன்றத்தை நாடிய பின்னர் அது கைவிடப்பட்டது. வளவில் மிகுந்து காணப்படும் ஓர் உயிர், காட்டில் குறைந்து வருவது முரணன்று. காட்டில் பாலைப்பழமும் வீரைப்பழமும் குறையவும், வீதியோரத்தில் எறியப்படும் உணவும் திறந்த குப்பையும் மிகவும், அது வளவை நோக்கி வருகின்றது. மயிலின் பெருக்கத்துக்கும் பல காரணங்கள் கூறப்படுகின்றன. மயிலின் முட்டையையும் குஞ்சையும் உண்ணும் நரி பல இடங்களில் அருகிவிட்டமை அவற்றுள் ஒன்று. வேட்டைவிலங்கை நாம் அழித்தோம், இரைவிலங்கு பெருகியது. இதுவும் எலி, சாரைப்பாம்பு பற்றிய அதே பாடந்தான்.

ஆகவே தீர்வும் தனியொரு வளவில் இல்லை. ஒருவர் தன் வளவிலிருந்து விரட்டும் குரங்கு அடுத்த வளவுக்கே செல்கின்றது. ஊரவர் சேர்ந்து குப்பையை மூடுவது, காட்டோரத்தில் பழமரங்களை அழியாது காப்பது, பாதிக்கப்பட்டவருக்கு உரிய நட்டஈட்டை அரசாங்கத்திடம் கோருவது ஆகியன கூட்டாகவே செய்யப்படவேண்டியவை.

இரு மரபுகள் சொல்வது

வளவின் உயிர்களை அயலவராகக் கருதும் எண்ணம் நமக்குப் புதியதன்று. முல்லைக்குத் தேரீந்த பாரியையும் மயிலுக்குப் போர்வை ஈந்த பேகனையும் தமிழ் மரபு வள்ளல்களாகவே போற்றுகின்றது. உண்ணுமுன் காகத்துக்கு ஒரு பிடி சோறு வைப்பது இன்றும் பல வீடுகளில் வழக்கம். வன்னி மக்கள் பொங்கிப் படைக்கச் செல்லும் தலங்களுள் ஒன்று புளியங்குளத்தை அண்டிய புதூர் நாகதம்பிரான் கோவில். அஞ்சத்தக்க உயிரையே வணங்கத்தக்கதாகவும் கொண்ட மனநிலை அதில் வெளிப்படுகின்றது.

இஸ்லாமிய மரபும் இவ்விடயத்தில் தெளிவானது. திருக்குர்ஆனில் தேனீ, எறும்பு, சிலந்தி ஆகியவற்றின் பெயரிலேயே அத்தியாயங்கள் உள்ளன. தாகித்த நாய்க்கு நீர் புகட்டியவர் மன்னிக்கப்பட்டதையும், பூனையை உணவின்றி அடைத்துவைத்த பெண் தண்டிக்கப்பட்டதையும் நபிமொழிகள் கூறுகின்றன. ஒருவர் நட்ட மரத்திலிருந்து பறவையோ விலங்கோ உண்பதும் நட்டவருக்குத் தர்மமாகவே அமையும் என்பது அம்மரபின் போதனை. இரு சமூகத்தாரும் அருகருகே மீளக் குடியேறியுள்ள ஒரு மாவட்டத்தில், இருவரும் ஒருமித்துப் பேசக்கூடிய விடயங்களுள் இது ஒன்று. புலுனி எந்த வேலியையும் இன்னாருடையது என்று பார்த்து அமர்வதில்லை.

செய்யக்கூடியவை

மீள்குடியேற்றத்தின் பின்னர் கிளுவையும் பூவரசும் முள்முருக்கும் நின்ற இடங்களில் சீமெந்துத் தூணும் முட்கம்பியும் வந்துள்ளன. எல்லை உறுதியாவது நன்று. ஆயினும் கம்பியோரம் சில கிளுவைக் கதியால்களை ஊன்றுவதால் எல்லை மாறாது. பறவைகளுக்குக் கூடும் ஆட்டுக்குக் குழையும் கிடைக்கும். வீட்டைச் சுற்றிய சில யார் தூரத்தைத் துப்புரவாக வைத்து, வளவின் கடைக்கோடியில் மட்டும் சருகையும் சிறு பற்றையையும் விட்டுவைத்தால், உயிர்களுக்கு அவற்றின் இடமும் நமக்கு நமது இடமும் தனித்தனியே அமையும். கோடையில் மண்சட்டியில் நீர் வைப்பது நற்செயல். ஆனால் டெங்கு நுளம்பு பெருகாதிருக்க அந்நீரை நாளாந்தம் ஊற்றி மாற்ற வேண்டும். மழைக்குப் பின் ஊர்ந்து வரும் நட்சத்திர ஆமையைப் பிள்ளைகள் வீட்டுக்குக் கொண்டுவந்தால், கண்ட இடத்திலேயே மீள விடச் செய்யவேண்டும். கடத்தலால் அருகிவரும் அவ்வினத்தின் சர்வதேச வர்த்தகம் 2019இல் முற்றாகத் தடைசெய்யப்பட்டது.

எல்லாவற்றிலும் முதன்மையானது, அறிவைக் கைமாற்றுவது. பாடசாலை மாணவர்கள் தமது வளவில் ஓராண்டில் காணும் உயிர்களைத் திகதியுடன் ஒரு கொப்பியில் குறித்துவைக்கலாம். ஆறுமணிக் குருவி முதலிற் கூவிய நாள், குயில் கத்தத் தொடங்கிய நாள், சாரை கண்ட இடம் என்பன எழுதப்பட்டால் அது நாளடைவில் அந்த ஊரின் ஆவணமாகும். பெயர்களை அறிந்த அப்பு, ஆச்சிமார் இன்னும் உடையார்கட்டிலும் ஏனைய ஊர்களிலும் இருக்கின்றனர். முகாம்களில் வளர்ந்தோர் இன்று பெற்றோராகிவிட்டனர். இடையிலறுந்த தலைமுறையைத் தாண்டி, முதியோரின் அறிவு நேரடியாகப் பேரப்பிள்ளைகளைச் சென்றடைய வேண்டிய காலம் இதுவே. இன்னும் பத்தாண்டுகள் கழித்து இதனைத் தொடங்க நினைத்தால், கேட்பதற்கு அவர்கள் இருக்கமாட்டார்கள்.